முழுப்பேர்: அப்புத்தளை மலைகளில் ஞானமும் கிருபையும்

1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் இறந்தார். பதுளையை நிர்வகித்த ஆங்கிலேய அதிகாரி அவர். பாதை வெட்டினார், வழக்குத் தீர்த்தார், ஆயிரத்து நானூறு யானைகள்வரை சுட்டு வீழ்த்தியவர் என்றும் பெயரெடுத்தார். அவர் நினைவாகப் பலரும் பணம் போட்டு எழுப்பியதுதான் பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம். கொழும்பின் முதல் அங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சப்மன் 1857இல் அதை அர்ப்பணம் செய்தார். நுவரெலியாவில் இருக்கும் றொஜர்ஸின் கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. யானைகளின் சாபம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அப்படித்தான் பலரும் முடித்தார்கள்.

கிறிஸ்தவ ஞானத்துக்கு இந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி வருகிறது. இறந்தவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் கொடிய குற்றவாளிகளா என்ற கேள்வியை இயேசுவே எழுப்பி, இல்லை என்ற பதிலையும் அவரே சொல்கிறார். விபத்தைத் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கம் அதோடு அறுந்துபோகிறது. இறந்தவரின் கணக்கைத் தோண்டுவதை விட்டு உயிரோடிருப்பவன் தன் நடையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவர் அங்கே வைக்கும் கோரிக்கை. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தவரையில் ஞானிகளாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள்.

மலையகத்தில் இது ஞாயிறு பாடசாலைப் பாடமாக மட்டும் இருந்துவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்புத்தளையிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இடம் அது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பவர்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று தூரத்திலிருந்து கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கே போவது? தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தக் காணி கிடையாது. லயம் தோட்டத்துடையது, பேர் பதிந்த வேலையும் அந்தத் தோட்டத்தில்தான். மாற்று இடம் காட்டாமல் போ என்பது, யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிற அதே காரியம்: குளிரில் நடுங்குபவனுக்கு ஒரு துணியும் கொடுக்காமல் குளிர் காய்ந்துகொள் என்று வாழ்த்தி அனுப்புவது. தப்பியவர்களில் பலர் பூணாகலை மகல்தெனியவில் வீடு கிடைக்கும்வரை இரண்டாண்டுகள் தற்காலிக இடங்களில் காத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட இழவு வீட்டில் ஆண்டவர் சித்தம் என்ற சொல் தானாக வந்து விழும். துக்கத்தில் இருப்பவர் தாமே சொன்னால் அது விசுவாசம். காணி பிரித்துக் கொடுக்க வேண்டியவர் சொன்னால் அது தப்பிப்பு. ஒரே வாக்கியம்தான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் முழு வேறுபாடும் இருக்கிறது.

கடவுளின் ஞானத்தையும் கிருபையையும் அன்றாட வாழ்வில் பின்பற்றுவது எப்படி என்ற கேள்விக்குச் சிறப்பு மலர்களில் வழக்கமாக வரும் விடை உள்ளத்தைப் பற்றியதாக இருக்கும்: காலையில் வேதவாசிப்பு, மாலையில் குடும்ப ஜெபம், நடுவில் பொறுமை. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இந்த மலைகளில் ஞானமும் கிருபையும் சோதிக்கப்படும் இடங்கள் வேறு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், சம்பளச் சீட்டு, மலைச்சரிவு எச்சரிக்கை, கடன் புத்தகம் ஆகியவை அவை. ஞானம் இல்லாத கிருபை விதியே என்று கிடப்பதாகத் தேய்ந்துவிடும். கிருபை இல்லாத ஞானம் கணக்குப் புத்தகமாக இறுகிவிடும். இரண்டையும் ஒரே நாளுக்குள் கட்டி வைப்பதுதான் கிறிஸ்தவ வாழ்வு என்பது என் துணிபு. இந்த வட்டாரத்திலிருந்தே அதற்குச் சாட்சிகள் எடுக்க முடியும்.

முதலில் ஞானம். அது படித்தவர்களின் சொத்து என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் அப்படி நினைக்கவில்லை. ஆசரிப்புக் கூடாரத்துக்காகக் கையால் நூல் நூற்ற பெண்களையும், வெள்ளாட்டு மயிரைத் திரித்தவர்களையும் அது ஞானமுள்ளவர்கள் வரிசையில் வைக்கிறது. பொன்னிலும் மரத்திலும் வேலை செய்த பெசலெயேல் கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அதற்கு முந்திய அதிகாரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. கடவுளின் ஆவியால் நிரம்பிய ஒரு தச்சன்! அந்த வரியை வாசித்துவிட்டுத் தேயிலை மலைக்குப் போனால் கண் வேறு விதமாகப் பார்க்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். முற்றலைத் தள்ளி, அடுத்த வட்டத்துக்குத் துளிர் வரும்படி செடியைக் காயப்படுத்தாமல், வழுக்கும் சரிவில் முதுகுப் பாரத்தோடு இரண்டு கையாலும் கிள்ளுவது பல வருடத்துக் கைப்பயிற்சி. உவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் இருக்கும் பெயர் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றால் வருகிறது. அந்தக் காற்றில் இலைக்கு வாசம் ஏறும், விலையும் ஏறும், துளிர்ப்பு மட்டும் குறையும். தேயிலை மிக உயர்ந்த விலைக்குப் போகும் காலத்தில்தான் பறிப்பவளின் கூடை நிரம்பாது. கையிலிருக்கும் ஞானத்துக்கும் கைக்கு வரும் காசுக்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் இருப்பதை எந்தப் பிரசங்கமும் மூடக் கூடாது.

இனிக் கிருபை. இதற்கு மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையை விட்டால் வேறு வழியில்லை. வேதவியல் கல்லூரிகளில் இதைப் பெரும்பாலும் யூதர், புறவினத்தார் என்ற விளக்கத்தோடு படிப்பிப்பார்கள். தோட்டத்தில் அதை வாசிப்பவருக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. பிரட்டு தெரியும், பேர் தெரியும். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுக்கப் பறித்து, குறித்த கிலோ வந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அரைப்பேருக்கு அரைச் சம்பளம். உவமையில் எசமான் விடியற்காலையிலும், பின்னர் மூன்று, ஆறு, ஒன்பதாம் மணி நேரங்களிலும், கடைசியாகப் பதினோராம் மணி நேரத்திலும் ஆள் எடுக்கிறார். கடைசியில் வந்தவர்கள் ஒரு மணி நேரம்தான் வேலை செய்தார்கள். எந்தக் கணக்குப்பிள்ளையும் அவர்களுக்கு அரைப்பேர்கூடப் போடமாட்டார். எசமான் முழுப்பேர் போடுகிறார்.

இதைத் தோட்டத்துக் கண்ணால் வாசிக்கும்போது சில சங்கதிகள் துலங்கும். கடைசியாக வந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். வேலைநாள் கொடுப்பது தொழிலாளியின் கையில் இல்லை என்பதை மழைக்காலத்திலும் வறட்சியிலும் அனுபவித்தவர்களுக்கு அந்தப் பதில் உறைக்கும். அடுத்தது, எசமான் கங்காணியை அனுப்பாமல் தாமே ஐந்து தடவை சந்தைக்குப் போகிறார். இப்படி அலையும் துரையை யார் கண்டது? மூன்றாவதுதான் நெஞ்சில் தைப்பது. அந்தக் காலத்து ஒரு பணம் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. அரை நாள் வேலை செய்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அரை வயிறு கிடையாது, முழு வயிறுதான். எசமான் உழைத்த மணியைப் பார்க்கவில்லை, அன்றிரவு அந்த வீட்டில் எரிய வேண்டிய அடுப்பைப் பார்த்தார்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த உவமை ஆபத்தாகிவிடும். விடியற்காலையில் வந்தவர்களுக்குப் பேசிய கூலி குறையவில்லை. ஒரு சதமும் குறையவில்லை. கிருபை கூலிக்கு மேலே போகும், கூலிக்குக் கீழே ஒருநாளும் இறங்காது. சம்பளத்தை அமுக்கி வைத்துக்கொண்டு தீபாவளிக்கும் நத்தாருக்கும் முற்பணமும் இனிப்புப் பொட்டலமும் கொடுப்பவர் கிருபை செய்கிறவர் ஆகமாட்டார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலியே கூக்குரலிடும் என்ற கருத்தை யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். நாட்சம்பளம் 1,000 ரூபா என்பதற்காகப் பல வருடங்கள் தெருவில் நின்று, 2021 மார்ச்சில்தான் அடிப்படை 900, வரவுசெலவுத்திட்டப் படி 100 என்று அது வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படை 1,350 ஆனது. இடைப்பட்ட காலத்தில் கிலோ கூட்டப்பட்டது, வேலைநாள் குறைக்கப்பட்டது என்ற முறைப்பாடு பல மாவட்டங்களில் எழுந்தது. எண் உயர்ந்தும் முழுப்பேர் எட்டாமல் போவது எப்படி என்று தோட்டத்துக் கிறிஸ்தவனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கடைசியில் வந்தவர்களுக்கும் அதே கூலியா என்று முணுமுணுத்த முதல் கூட்டத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். நிவாரணப் பட்டியலிலோ அஸ்வெசும கொடுப்பனவிலோ பக்கத்துக் காம்பராக்காரரின் பெயர் வந்து நம் பெயர் விடுபட்டால் நமக்குள் எழும்புகிற சத்தம் அதே சத்தம்தான். அவருக்குக் கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டுவிட்டு, நமக்குக் கிடைக்க வேண்டியதற்காகக் கிராம சேவகரிடம் விண்ணப்பம் எழுதுவது கிருபையும் ஞானமும் சேர்ந்த நடை. அவருடையதை வெட்டச் சொல்லி எழுதும் பெயரில்லாத கடிதம் இரண்டும் இல்லாத நடை.

கிருபையில் மனித முயற்சிக்கு இடம் எவ்வளவு என்ற விவாதம் மேலை நாட்டில் அகுஸ்தீனுக்கும் பெலாகியுசுக்கும் நடந்தது போலத் தமிழ் மண்ணிலும் நடந்திருக்கிறது. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதற்காகவே பிரிந்து நின்றார்கள். தாயின் வயிற்றைக் குட்டி இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்கு நியாயம் வடகலைக்கு, தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் பூனை நியாயம் தென்கலைக்கு. ஜெர்மானிய அறிஞர் றுடோல்ஃப் ஒட்டோ இந்த விவாதத்தை வைத்தே இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். நம் சபைகளில் பூனைக்கட்சி அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆண்டவர் தூக்கிக்கொண்டு போவார் என்று பாடுவோம், பிள்ளையின் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஆள் தேடமாட்டோம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. கிருபை முந்தி வருகிறது என்றார், கூடவே அது வந்து சேரும் வழிகளில் ஒழுங்காக நில்லுங்கள் என்றும் சொல்லி வாராந்தக் குழுக்களை அமைத்தார். அவர் வழிவந்த மெதடிஸ்த மிஷனரி சாமுவேல் லாங்டன் 1880களில் உவாவுக்கு வந்தபோது பிரசங்கத்தோடு நிற்காமல், ஹப்பி வலி என்ற இடத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடும் கைத்தொழிலும் ஏற்படுத்தினார். 1890இல் அந்தப் பணியைப் பற்றி நூலும் எழுதினார்.

மிஷன் வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது மலர்க் கட்டுரைகளின் வழக்கம். அது எனக்கு உவப்பில்லை. கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் தமிழர்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. பெயரே அதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். மிஷனரிமாரின் செலவை சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் பார்த்தது, உபதேசியார்களின் சம்பளம் பெரும்பாலும் துரைமார் கொடுத்த நன்கொடையிலிருந்து வந்தது. தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் வேதம் வாசித்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்த அந்த மனிதர்களின் உழைப்பை மறக்க முடியாது. பல தோட்டங்களில் முதல் பள்ளிக்கூடம் அவர்கள் கையால் வந்தது. அதேநேரம், துரையின் காசில் சாப்பிட்ட உபதேசியாரால் பிடித்து வைக்கப்பட்ட கூலியைப் பற்றிய யாக்கோபின் வார்த்தையைப் பிரட்டுக்களத்தில் வாசித்திருக்க முடியுமா? சிக்கனம், கீழ்ப்படிதல், நிதானம் ஆகியவை ஞானமாகப் போதிக்கப்பட்டன. அவை ஞானத்தின் ஒரு பாதிதான். மறுபாதியைச் சொல்ல மலையகத் திருச்சபைக்கு நெடுங்காலம் சென்றது.

அந்த மறுபாதிக்கு ஒரு வழி அப்புத்தளைக்குள்ளேயே இருக்கிறது. தங்கமலைச் சரிவில் நிற்கும் அடிஷம் மாளிகையை ஊருக்கு வருபவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த வீடு. தம் தந்தை குருவாக இருந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார். பிரித்தானியப் பிரதமர் ஜோன் றஸ்ஸலின் மகள்வழிப் பேரன் அவர். தாம் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று 1927இல் உரை நிகழ்த்திய தத்துவவாதி பேர்ட்ரண்ட் றஸ்ஸல் அதே தாத்தாவின் மகன்வழிப் பேரன். ஒரு பேரன் அங்கே கடவுளை மறுத்துக்கொண்டிருக்க, மற்றப் பேரன் இங்கே எழுப்பிய வீடு முப்பது வருடத்தில் துறவிகளின் மடமாகிவிட்டது. வரலாறு சில சமயம் இப்படிக் குறும்பு செய்யும்.

1960களின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் சில்வெஸ்திரின் பிரிவைச் சேர்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள். அவர்களுடைய சபையார் 1845 முதல் இலங்கையில் பணி செய்கிறவர்கள், கண்டி மறைமாவட்டத்தை வளர்த்தவர்கள். மாளிகையின் கண்ணாடியையும் மரவேலையையும் பார்க்க வருபவர்கள் போகும்போது அங்கே செய்த ஜாமும் பழரசமும் வாங்கிச் செல்வார்கள். அந்தப் போத்தலுக்குப் பின்னால் ஆறாம் நூற்றாண்டு ஒழுங்குநூல் ஒன்று இருக்கிறது. புனித ஆசீர்வாதப்பர் எழுதிய அந்த நூலில் 73 அதிகாரங்கள். கடவுளைக் காண்பது பற்றிய உயர்ந்த பேச்சைவிட யார் எப்போது சமைப்பது, எத்தனை மணிக்கு வயலுக்குப் போவது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்ற செய்திகளே அதில் மிகுதி. பொருட்களுக்குப் பொறுப்பான துறவி மண்வெட்டியையும் சட்டியையும் பீடத்துப் பாத்திரங்களுக்குச் சமமாக மதித்து வைக்க வேண்டும் என்று 31ஆம் அதிகாரம் விதிக்கிறது. விருந்தினரைப் பற்றிய 53ஆம் அதிகாரம் ஏழைகளை வரவேற்பதில் கூடுதல் கவனம் கேட்கிறது; பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். மடத்தில் செய்த பொருளை விற்கும்போது பேராசை நுழையாதபடி வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்து விற்க வேண்டும் என்பது 57ஆம் அதிகாரம். ஜாம் வாங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

மடத்துக்கு வெளியே இருப்பவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஞானம் இது. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் பீடத்துப் பாத்திரத்துக்குச் சமம் என்று ஒருவர் நம்பத் தொடங்கினால் அவருக்குத் தம் வேலையில் வெட்கம் இராது. அந்தக் கத்தியைப் பிடித்த கைக்கு உரிய மதிப்பு கிடைக்காதபோது அவருக்கு வரும் கோபமும் பாவமாக இராது.

சில்வெஸ்திரின் துறவிகளில் ஒருவர்தான் லியோ நாணயக்கார. 1959 முதல் கண்டி ஆயராக இருந்தவர். 1972 டிசெம்பரில் பதுளை தனி மறைமாவட்டமானபோது, பழைய, வசதியான கண்டியை விட்டுவிட்டுப் புதிய, ஏழைப் பதுளையைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார். ஆயர்மார் மேல்நோக்கி மாறுவதுதான் உலக வழக்கு. இவர் மலையில் ஏறினார், பதவியில் இறங்கினார். அடுத்த இரண்டு வருடங்கள் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்த காலம். அன்றன்றைய அப்பத்துக்கான மன்றாட்டைப் பதுளை ஆயர் எந்தச் சூழலில் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். பண்டாரவளையில் சேவக்க செவன என்ற குருமடத்தைத் தொடங்கி, குருவாக வருகிறவர்கள் ஏழைகளின் வாழ்க்கையோடு ஒட்டிப் படிக்க வழி செய்தார். 1982இல் இறந்தார்.

அந்தக் குருமடத்தில் படிப்பித்தவர் அமலமரித் தியாகிகள் சபையின் மைக்கல் ரொட்ரிகோ அடிகளார். உரோமையிலும் பாரிசிலும் பெற்ற இரண்டு கலாநிதிப் பட்டங்கள் அவருக்கு இருந்தன. 1980இல் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, உவாவின் தாழ்பகுதியான புத்தலைக்கு அருகில் அளுகலவித்த என்ற சிங்கள பௌத்தக் கிராமத்தில் ஒரு மண்குடிசையில் குடியேறினார். யாரையும் மதம் மாற்றுவதற்கு அவர் போகவில்லை. நிலமிழந்த விவசாயிகளோடு, விகாரைத் தேரர்களோடு, அவர்கள் மொழியில், அவர்கள் கஷ்டத்தில் கூட இருந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் தெற்கில் வன்முறை மூண்டது. எச்சரிக்கைகள் வந்தன. அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10 மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மீரியபெத்தையில் எச்சரிக்கைக்குப் பிறகும் இருந்தவர்களைப் பற்றியும் எழுதிவிட்டு, எச்சரிக்கைக்குப் பிறகும் இருந்த இவரைப் பற்றியும் எழுதும்போது கேள்வி வரத்தான் செய்யும். ஒன்றைத் துயரம் என்கிறோம், மற்றதைச் சாட்சி என்கிறோம். பேதம் எங்கே? ரொட்ரிகோ அடிகளாருக்குப் போக இடம் இருந்தது, போக வழியும் இருந்தது. இருப்பதை அவர் தெரிவு செய்தார். மீரியபெத்தையாருக்குத் தெரிவே இருக்கவில்லை. தெரிவு இல்லாத இடத்தில் தியாகம் என்ற சொல்லை வைப்பது அநியாயம். மனிதருக்குத் தெரிவு கிடைக்கும்படி செய்வது ஞானத்தின் வேலை. ஏழு பேர்ச் காணிக்காக, உறுதிப் பத்திரத்துக்காக, பிள்ளையின் படிப்புக்காக ஓடுவதெல்லாம் அந்த வேலையில் சேரும். கிடைத்த தெரிவை இன்னொருவருக்காக விட்டுக்கொடுப்பது கிருபை பெற்றவன் செய்கிற காரியம். முதலாவதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதை ஏழைகளிடம் கேட்கிற பிரசங்கம் வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் இதே அளவுகோல் பொருந்தும். அண்மை வருடங்களில் மலையகப் பெண்களை நசுக்கியது நுண்கடன். ஐந்தாறு பெண்கள் குழுவாகி, ஒருவருக்கொருவர் பிணை நின்று வாங்கும் கடன். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாரக் கூட்டத்தில் அவமானம், பிறகு அடகுக்கடை, பிறகு இன்னொரு கடன். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் அயலானுக்காகப் பிணைப்பட்டவனைப் பார்த்து, தூங்காதே, போய்க் கெஞ்சியாவது உன்னை விடுவித்துக்கொள் என்ற பொருளில் பதறிப் பேசுகிறது. இத்தனை வெளிப்படையான புத்திமதியைச் சபைகளில் நாம் வாசிக்கக் கேட்டது அரிது. அதற்கு மறுபக்கம் நெகேமியா ஐந்தாம் அதிகாரம். பஞ்சத்தில் வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்த மக்களின் கூக்குரலைக் கேட்டு, நெகேமியா கடன் கொடுத்தவர்களைக் கூட்டி வட்டியையும் நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். நெகேமியாவின் அந்தக் கோபம் கிருபையின் பக்கத்தைச் சேர்ந்தது. ஒரு சபையின் காணிக்கைப் பெட்டியிலிருந்து வட்டியில்லாச் சிறுகடன் கொடுப்பதும், கடன் ஒப்பந்தத்தை வாசித்து விளக்கத் தெரிந்த ஒருவரை ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைப்பதும் பெரிய திட்டங்கள் இல்லை.

பறித்த கிலோவுக்குக் காசு தரும் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராதனைக்கு வராமல் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணைச் சபை மூப்பர்கள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்ததை இயேசு எப்படிக் காத்துப் பேசினார் என்பதை அவர்களும் வாசித்திருப்பார்கள். மாலையில் ஓர் ஆராதனை வைத்தால் என்ன?

அயலவரைப் பற்றியும் அப்படித்தான். தோட்டத்தில் கிறிஸ்தவன் தனித் தீவில் இல்லை. ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் மாதா படமும் அடுத்ததில் மாரியம்மன் படமும் தொங்கும். பல குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள்ளும் இரண்டும் இருக்கும். இழவு விழுந்தால் தப்படிப்பவரும் ஜெபிப்பவரும் ஒரே வாசலில் நிற்பார்கள். யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில் மேலிருந்து வரும் ஞானத்தின் அடையாளங்களைக் கூறும்போது சமாதானத்தையும் இரக்கத்தையும் இணக்கத்தையும் முன்வைக்கிறார். பக்கத்து வீட்டுச் சாமியைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு உவாவின் சபைகளிடம் செயலாகக் கேட்க ஒன்றுதான் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலைநாடு நெடுகிலும் மண் சரிந்தது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 ஆனால் வெளியேறிவிட வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை அளவு எட்டுவதற்கு முன்பே வரும் அறிகுறிகள். தமிழில் அறிவிப்பு பிந்தி வருவது பழைய குறை. ஆகவே ஒவ்வோர் ஆலய வளவிலும் ஒரு மழைமானி வையுங்கள். வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரை அதைப் பார்க்க நியமியுங்கள். அந்த மூன்று அளவுகளுக்குரிய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளை விவாக அறிவிப்போடு சேர்த்துத் தமிழிலும் சிங்களத்திலும் வாசியுங்கள். சிவப்பு வந்தால் நேரம் பாராமல் ஆலய மணியை அடியுங்கள், எந்தச் சாமியைக் கும்பிடுபவராக இருந்தாலும் வந்து தங்குவதற்கு ஆலயக் கதவைத் திறந்து வையுங்கள். அடுத்த பருவமழைக்கு முன்பாக இதைச் செய்துவிடுங்கள்.